தெருவைப் பார்த்த பலகை

ஈரோட்டில், மணிக்கூண்டுப் பக்கம் பிரியும் ஒரு சந்தில், எட்டடி அகலத்தில் ஒரு கடை இருந்தது. கடைக்கு மேலே ஒரு தகரப் பலகை. பலகையில் இரண்டு வரி. ‘சென்னியப்பன் இடக்கைக் கருவிகள்’ என்பது முதல் வரி. ‘இடது கைக்காரர்களுக்கு மட்டும்’ என்பது இரண்டாவது.

அந்தச் சந்தில் பொருள்களும் பேசும். தங்களுக்குள் பேசிக்கொள்ளும், கடைக்காரர் காது கொடுத்தால் அவரோடும் பேசும். ஆனால் தெருவில் போகிறவர்களிடம் ஒரு பலகையால் தன்மேல் எழுதியிருப்பதை மட்டும்தான் சொல்ல முடியும். ஒரு சொல் கூட்ட முடியாது, ஒரு சொல் குறைக்க முடியாது. தகரப் பலகையும் தன் இரண்டு வரிகளைக் காலையில் கதவு திறந்தது முதல் சொல்லிக்கொண்டே இருந்தது.

கடைக்காரர் சென்னியப்பன் முன்பு ஒரு தையல்கடையில் துணி வெட்டுகிறவராக இருந்தார். பிறவியிலேயே இடது கைப் பழக்கம். சோற்றையும் எழுத்தையும் சிறு வயதிலேயே அடித்து வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். கத்தரி மட்டும் மாறவில்லை. வலது கைக்காரர்களுக்காகச் செய்த கத்தரியை இடது கையில் பிடித்தால் இரண்டு அலகும் விலகிக்கொள்ளும், துணி நடுவில் மடங்கும், மேல் அலகு சாக்குக்கட்டிக் கோட்டை மறைத்துக்கொள்ளும். பதினைந்து வருடம் அவர் குத்துமதிப்பாக வெட்டித் திட்டு வாங்கினார். பிறகு ஒரு பட்டறையில் சொல்லி, அலகுகளை இடம் மாற்றி, கைப்பிடியை மறுபக்கம் வளைத்து, தானே சாணை பிடித்துத் தனக்கென்று ஒரு கத்தரி செய்துகொண்டார். அதைப் பார்த்து இன்னொரு இடது கைக்காரர் கேட்டார். காங்கேயத்திலிருந்து ஒருவர், பற்கள் மறுபக்கம் சாய்ந்த கதிர் அரிவாள் வேண்டும் என்று வந்தார். சமையல் வேலைக்குப் போகிற ஒரு அம்மா, அலகின் சரிவான பட்டையை மறுபக்கம் மாற்றித் தீட்டிய கத்தி கேட்டார். கடை அப்படித்தான் உண்டானது.

ஊர் அதைப் ‘பீச்சாங்கைக் கடை’ என்றது. சொல்லிவிட்டுச் சிரித்தது.

பலகைக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. அதன் முகம் தெருவைப் பார்த்திருந்தது, முதுகு கடையைப் பார்த்திருந்தது. உள்ளே வருகிறவர்கள் தலையைக் குனிந்து அதன் அடியில் நுழைந்துவிடுவார்கள். அவர்களின் உச்சந்தலையைத் தவிர அதற்கு எதுவும் தெரியாது. முழு முகமாக அது பார்த்ததெல்லாம் உள்ளே வராதவர்களைத்தான். படித்துவிட்டுப் போகிறவர்கள், படித்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறவர்கள், பக்கத்தில் வருகிறவரின் முழங்கையை இடித்துக் காட்டிச் சிரிக்கிறவர்கள். நாள் முழுக்க அந்த முகங்கள்.

“இன்றைக்கு எத்தனை பேர் போனார்கள் தெரியுமா?” என்று அது வாசலோரம் இருந்த சாணைக்கல்லிடம் கேட்கும்.

“வந்தவர் மூன்று பேர்” என்று சாணைக்கல் சொல்லும்.

“நான் போனவர்களைக் கேட்டேன்.”

“போனவர்களை நான் ஏன் எண்ண வேண்டும்? அவர்களுக்கு நான் என்ன தீட்டப்போகிறேன்?”

சாணைக்கல்லுக்கு அவ்வளவுதான் பேச்சு. அது பாட்டுக்கு மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் மதியம் பெருந்துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் வசந்தாமணி. ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிற வேலை. அவளுடைய உச்சி வகிடு கோணலாக இருந்ததைப் பலகை பார்த்தது. மற்றதையெல்லாம் முதுகால் கேட்டது.

“பீச்சாங்கைக் கடைன்னு சொன்னாங்க. இதுதானுங்களா?”

“இதேதான் அம்மிணி. கையக் காட்டு.” சென்னியப்பனின் குரல். “பெருவிரல் ஏன் இப்படிக் காச்சுக் கெடக்குது?”

“ஒம்பது வருசமா அப்படித்தானுங்கண்ணா. எல்லாரும் வெட்டற கத்தரிதானே, உனக்கு மட்டும் ஏன் கோணலாப் போகுதுன்னு சூப்பர்வைசர் கேக்கறார். எனக்கே தெரியல, நான் என்னன்னு சொல்றது? இந்த மாசத்தோட வேற ஆளப் பாத்துக்கறேன்னு சொல்லிப்போட்டார்.”

ஒரு பெட்டி திறந்தது. செய்தித்தாள் விரியும் சத்தம். பிறகு கத்தரியின் சத்தம், நீளமாக, நிற்காமல், தாளின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை.

பிறகு அவள் அழுதாள்.

பலகை திடுக்கிட்டது. “என்ன ஆயிற்று? கையில் வெட்டிக்கொண்டாளா?”

“இல்லை” என்றது சாணைக்கல். “கேள்.”

“கோடு தெரியுதுங்கண்ணா” என்றாள் வசந்தாமணி. “கத்தரிக்கு இந்தப் பக்கமே கோடு தெரியுது. இவ்வளவு நாளும் எல்லாரும் இப்படிப் பாத்துட்டுத்தான் வெட்டுனாங்களா?”

அவள் அந்தக் கத்தரியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனாள். பலகை அவளைப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த நேரம் எதிரே லாரியிலிருந்து ஒரு புதுப் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தகரப் பலகை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

எதிரே மூன்று மாடியில் ஒரு பெரிய கடை வந்தது. பாத்திரம், பூட்டு, கத்தி, கத்தரி, குழாய், வாளி, எல்லாம் ஒரே இடத்தில். அதன் நெற்றியில் மின்விளக்குப் பலகை. ‘எல்லாருக்கும் எல்லாமும்’ என்று பகலிலேயே கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிச் சொன்னது.

“உன்னைப் படித்தேன்” என்றது மின்பலகை, மூன்றாம் நாள். “வருத்தப்படாதே, ஒன்று கேட்கிறேன். நூறு பேர் இந்தச் சந்தில் போனால் இடது கைக்காரர் எத்தனை பேர்?”

“பத்துப் பேர் இருக்கலாம்.”

“மீதி தொண்ணூறு பேரை உன் முதலாளியா துரத்துகிறார்? இல்லை. நீதான் துரத்துகிறாய். ‘மட்டும்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறாயே, அது கதவில் போட்ட பூட்டு மாதிரி.”

தகரப் பலகைக்கு அன்றைக்கு வெயில் கூடுதலாகச் சுட்டது. மறுநாள் காலை சென்னியப்பன் கதவைத் திறந்ததும் அது சொன்னது: “ஐயா, என்னை மாற்றி எழுதுங்கள். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க” என்றார் அவர். “நம்ம ஆளுக யாராச்சும் சிரிச்சாங்களா?”

நம்ம ஆள்கள் என்றால் யார் என்று பலகைக்குத் தெரியவில்லை. அது அவர்கள் முகத்தைப் பார்த்ததே இல்லை.

அந்த வாரம் கவுந்தப்பாடியில் ஒரு கல்யாணம். சென்னியப்பனும் அவர் மனைவி ருக்குமணியும் போய்விட்டு வந்தார்கள். வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் கடைக்கு வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே ருக்குமணி வந்தாள்.

“அவன் கெடக்கறானுங்க. பந்தியில வாயிருக்கறவன் எதையாச்சும் பேசுவான்.”

“‘நம்ம பீச்சாங்கைக் கடைக்காரரு எந்தக் கையில சாப்புடறாருன்னு பாருங்கடா’ன்னு கேக்கறான் ருக்கு. வரிசையே சிரிக்குது. எலையில வெச்ச ஜிலேபிய நான் தொடல. எனக்கு அம்பத்திநாலு வயசு. அஞ்சு வயசுல வாங்குன அடியாட்டமே இருந்துச்சு.”

“அதுக்கு?”

“அந்தப் பேரே வேண்டாம். எல்லாருக்கும் விக்கறவன்னு இருந்துட்டுப் போறேன்.”

“ஏனுங்க, எல்லாரும்னா யாருங்க? எனக்கு அப்படி ஒருத்தரையும் தெரியாது. வசந்தாமணியத் தெரியும். காங்கேயத்துக்காரரைத் தெரியும்.”

அவர் நிமிர்ந்து பலகையின் முதுகைப் பார்த்தார். பலகை, தெருவைப் பார்த்தபடியே, மெதுவாகச் சொன்னது: “நான்தான் அன்றைக்கே சொன்னேனே, ஐயா.”

அவர் தயங்கிய கணத்தில் அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அதைப் பலகை பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தது.

பெயின்டர் ஏணி போட்டு ஏறினார். ‘இடக்கை’யை அழித்தார். இரண்டாவது வரியை முழுக்க அழித்தார். அந்த இடத்தில் ‘அனைவருக்கும்’ என்று மஞ்சளில் எழுதினார். தூரிகை பட்டபோது பலகைக்குச் சுகமாக இருந்தது.

முதல் நான்கு நாள் திருவிழா மாதிரி இருந்தது. போகிறவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் நுழைந்தார்கள். கம்பெனி ஏஜென்டு ஒருவர் கொண்டுவந்து போட்ட அட்டைப்பெட்டி வலக்கைக் கத்தரிகள் முன்வரிசைக்கு வந்தன. இடக்கைக் கத்தரிகள் மேல் தட்டுக்குப் போயின, அங்கிருந்து பரணுக்குப் போயின. “இது தற்காலிகம்தான்” என்று போகும்போது அவற்றிடம் சென்னியப்பன் சொன்னார். பெட்டிக் கத்தரிகளைத் தீட்ட வேண்டியதில்லை. சாணைக்கல் சும்மா நின்றது.

ஐந்தாம் நாள் ஒருவர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “இதே பெட்டி எதுத்த கடையிலும் இருக்குதுங்களே. அங்க பத்து ரகம் வெச்சிருக்காங்க” என்றார். சண்டைக்குச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார். அதன்பின் நுழைந்தவர்கள் பலரும் அதே மாதிரி நுழைந்து, பார்த்து, கடந்து போனார்கள். அவர்களுக்கு இந்தக் கடை வேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. வழியில் இருந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் பலகை வேறு சிலரைக் கவனித்தது.

அவர்கள் பேருந்து நிலையத்துப் பக்கமிருந்து வருவார்கள். கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். ஒவ்வொரு கடையாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். இங்கே நிற்பார்கள். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு படிப்பார்கள். எல்லாருமே இடது கையை வைத்துத்தான் மறைத்தார்கள். படித்து முடித்ததும் முகம் சுருங்கும். சீட்டை மறுபடி பார்ப்பார்கள். திரும்பிப் போய்விடுவார்கள்.

இத்தனை வருடம் அவர்கள் நிற்காமல் நேரே உள்ளே நுழைந்ததால்தான் பலகை அவர்களைப் பார்க்கவில்லை. இப்போது அவர்கள் வெளியிலேயே நின்றார்கள். இப்போது நன்றாகத் தெரிந்தது.

“பீச்சாங்கைக் கடை எங்கீங்க?” என்று ஒருவர் கீழே உட்கார்ந்திருந்த பூக்காரம்மாவிடம் கேட்டார். அந்தப் பெயரை அவர் சிரிக்காமல் சொன்னார். சொந்தக்காரர் வீட்டுக்கு வழி கேட்கிற மாதிரி சொன்னார். ஊர் கேலிக்கு வைத்த அந்தப் பெயரைத்தான் அவர்கள் ஒருவருக்கொருவர் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது பலகைக்கு அன்றுதான் புரிந்தது.

“அதெல்லாம் மாத்திப்போட்டாங்க” என்றாள் பூக்காரம்மா. “இப்ப எல்லாக் கடையாட்டந்தான்.”

ஒரு செவ்வாய்க்கிழமை வசந்தாமணி வந்தாள். பலகைக்கு அவள் முகம் தெரியாது. கோணல் வகிட்டை வைத்துத்தான் அடையாளம் கண்டது. சென்னியப்பன் சரக்கு எடுக்க ஏஜென்டு வீட்டுக்குப் போயிருந்தார். கதவு பாதி இறங்கியிருந்தது. அவளுடைய துணிப்பையின் ஓரத்தைத் துளைத்துக்கொண்டு கத்தரியின் நுனி வெளியே தெரிந்தது.

“பலகையே” என்று கத்தரி கூப்பிட்டது. “என் ஆணி தளர்ந்துவிட்டது. எங்கள் ஊர்ச் சாணைக்காரர் பட்டையை எதிர்ப்பக்கம் தேய்த்துவிட்டார். துணி மடங்குகிறது. சென்னியப்பன் கை ஒரு தடவை பட்டால் போதும். அவர் வருகிற வரைக்கும் இவளை நிறுத்தி வை.”

பலகை தன் பலத்தையெல்லாம் திரட்டிக் கூப்பிட்டது. இதுதான் உன் கடை, போகாதே, அவர் இப்போது வந்துவிடுவார் என்று சொல்ல நினைத்தது. வெளியே வந்தது இவ்வளவுதான்: ‘சென்னியப்பன் கருவிகள். அனைவருக்கும்.’

வசந்தாமணி அதை இரண்டு தடவை படித்தாள். பாதிக் கதவுக்குக் கீழே குனிந்து உள்ளே பார்த்தாள். அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. பூக்காரம்மாவிடம் கேட்டாள், பூக்காரம்மா எல்லாரிடமும் சொன்னதையே சொன்னாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவள், கால் மணி நேரம் நின்றாள். பிறகு தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனாள்.

“இன்னொரு தடவை கூப்பிடு!” என்றது கத்தரி. அதன் குரல் மணிக்கூண்டுப் பக்கத்துப் பேருந்துச் சத்தத்தில் போய்விட்டது.

பலகை அன்று நடந்ததைச் சென்னியப்பனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தன்னை மாற்றி எழுதச் சொன்னதே தான் என்பதால் அதற்கு வாய் வரவில்லை. நாளை அவளே வருவாள் என்று நினைத்துக்கொண்டது. நாளை என்பது இரண்டு மாதம் ஆயிற்று.

இரண்டு மாதம் கழித்து ருக்குமணி வேகமாகக் கடைக்கு வந்தாள். “வசந்தாமணியப் பெருந்துறை பஸ்ஸ்டாப்புல பாத்தனுங்க” என்றாள். “பெருவிரல்ல கட்டு. ‘ஏன் அம்மிணி கடைக்கு வரலை’ன்னேன். ‘வந்தனுங்கக்கா, பலகையப் பாத்தேன், இது நம்ம கடை இல்லீன்னு போய்ட்டேன்’ங்கறா. எதுத்தாப்புல சாதாக் கத்தரி வாங்கிட்டுப் போயிருக்கா. பழையபடி குத்துமதிப்பு. ஒரு கட்டுத் துணி பூரா கோணலாப் போச்சாம், அதுல கையிலயும் வெட்டிக்கிட்டாளாம். வெட்டற வேலைய எடுத்துட்டாங்க. இப்ப பெட்டி ஒட்டற வேலை.”

“நான் குடுத்த கத்தரி?” என்றார் சென்னியப்பன்.

“பழைய இரும்புக்குப் போட்டுட்டாளாம்.”

வாசலோரம் சாணைக்கல் கேட்டுக்கொண்டிருந்தது. அது தீட்டிய கத்தரி அது.

ருக்குமணி மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள். கோடு போட்ட நோட்டுத் தாள். பேனாவால் சுற்றி வரைந்த ஆறு கைகள், ஆறும் இடது கை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெயர்.

“அன்னிக்கு இதையுந்தான் கொண்டாந்தாளாம். அவ வேலையப் பாத்துட்டு, அவ லைன்ல இருக்கற ஆறு பேரு அளவு குடுத்து விட்டிருக்காங்க. வீசறதுக்கு மனசு வரலைன்னு பையிலேயே வெச்சிருந்தா.”

சென்னியப்பன் அந்தத் தாளின் மேல் தன் இடது கையை வைத்தார். வெகு நேரம் எடுக்கவில்லை.

“அவள் வந்த அன்று நான் பார்த்தேன், ஐயா” என்றது பலகை. “கூப்பிட்டேன். வரவில்லை.”

“என்ன சொல்லிக் கூப்புட்ட?”

பலகை தன்மேல் எழுதியிருந்ததைச் சொன்னது.

“அதுல அவ பேரு எங்க இருக்குது?” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. தன்னையே கேட்டுக்கொள்கிற மாதிரி சொன்னார்.

மறுநாள் பெயின்டரைக் கூப்பிடாமல் அவரே ஏணி வைத்து ஏறினார். மஞ்சளை அழித்துவிட்டுப் பழைய இரண்டு வரியையும் இடது கையால் எழுதினார். எழுத்து அவ்வளவு நேராக வரவில்லை. பெட்டிகள் ஏஜென்டிடம் திரும்பிப் போயின. சாணைக்கல் மறுபடி சுற்றத் தொடங்கியது. பத்து நாளில் ஆறு கத்தரியும், வசந்தாமணிக்கென்று ஏழாவதும் தயாராயின. தாளில் இருந்த கைகளோடு ஒவ்வொரு கைப்பிடியையும் வைத்துப் பார்த்துச் செய்தார்.

அவற்றை எடுத்துக்கொண்டு அவரே பெருந்துறைக்குப் போனார். மாலையில் நான்கு கத்தரியோடு திரும்பி வந்தார். ஆறு பேரில் இரண்டு பேர்தான் இன்னும் அந்த வேலையில் இருந்தார்கள். மற்றவர்கள், தங்களுக்கு வெட்டுகிற வேலை கை வராது என்று நினைத்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

“வசந்தாமணி?” என்றாள் ருக்குமணி.

“வாங்கிக்கிட்டா. தாள் ஒண்ண எடுத்து வெட்டிப் பாத்தா, நூல் புடிச்சாப்புல போச்சு. சிரிச்சா. ‘இனிமே என்ன வெட்டற டேபிள்கிட்டயே விடமாட்டாங்கண்ணா, வீட்ல வெச்சுக்கறேன்’னா.” அவர் நான்கு கத்தரியையும் கண்ணாடிப் பெட்டியில், வெளியிலிருந்து தெரிகிற மாதிரி வைத்தார். “நான் ஒரு பந்தியில சிரிச்சவனுகளுக்காகக் கடைய மாத்துனேன் ருக்கு. அவனுக ஒருத்தனும் இங்க வந்து ஒரு கத்தி வாங்கல.”

அதன்பின் பலகை தன் இரண்டு வரிகளை முன்னைவிட உரக்கச் சொன்னது. சிரிக்கிறவர்களை அது இப்போது பார்ப்பதே இல்லை. பையை இடது தோளில் மாட்டியவர்கள், குடையை இடது கையில் பிடித்தவர்கள், பூக்காரம்மாவிடம் இடது கையை நீட்டிப் பிறகு வெட்கப்பட்டு மாற்றிக்கொள்கிறவர்கள், இவர்களைத்தான் கூட்டத்தில் தேடியது. தேடினால் நிறையப் பேர் கிடைத்தார்கள். எப்போதும் இவ்வளவு பேர் போய்க்கொண்டுதான் இருந்தார்களா என்று அதற்கு வியப்பாக இருந்தது.

ஆனால் அவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடை போய்விட்டது என்ற செய்தி சீட்டுகளைவிட வேகமாகப் பரவியிருந்தது. போய்விட்டது என்று கேள்விப்பட்ட ஒன்றை யாரும் நிமிர்ந்து தேடுவதில்லை. நாளைக்கு ஒருவர், சில நாள் அதுவும் இல்லை. பூக்காரம்மா மட்டும், கேட்காதவர்களிடம்கூட, “உள்ள போய்ப் பாருங்க, பழையபடி வெச்சிட்டாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மாதம் ஒரு நாள் காலை, மழை விட்டிருந்தது. இரண்டு பெண்கள் சந்துக்குள் வந்தார்கள். ஒருத்தி நின்றாள். இடது கையை நெற்றியில் வைத்துக்கொண்டு முதல் வரியைப் படித்தாள், இரண்டாவது வரியையும் படித்தாள். உள்ளே சாணைக்கல் நின்றது. சென்னியப்பன் எழுந்து வாசல் பக்கம் வந்தார்.

அதற்குள் அவள் கூட வந்தவளிடம் திரும்பியிருந்தாள்.

“முன்ன இங்க நெசமாலுமே ஒரு பீச்சாங்கைக் கடை இருந்துச்சு. ரொம்ப நல்ல கடைன்னு சொல்லுவாங்க. இது அந்தப் பேரைப் பாத்து யாரோ புதுசாப் போட்டுக்கிட்டது” என்று சொல்லிவிட்டு, அவள் நடந்தாள்.